மணல் இறங்கி முடியுமுன்

மாட்ஜேயின் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து ஹார்க் நாணல் வேய்ந்துகொண்டிருந்தான். சந்தைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான். நல்ல மனுஷன்," என்று ஒருத்தி அவன் காதில் விழும்படியே சொன்னாள். அவன் குனிந்து நாணல் கட்டை இறுக்கினான். அதற்குப் பதிலாக அவள் ஏணியில் ஏறிவந்து கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மாட்ஜே அந்த இலையுதிர்காலத்தில்தான் விதவையானாள். அவள் கணவன் நிக்கெல்ஸும் ஹார்க்கும் ஒரே கப்பலில் கிரீன்லாந்துக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள். வடகடலில் கிடக்கும் அவர்களுடைய ஃபோர் தீவில் மீசை முளைத்தவன் எல்லாம் அப்படித்தான், பிப்ரவரியில் போவான், குளிர் தொடங்கும்போது வருவான். இந்த முறை கப்பல் நிறைய எண்ணெய்ப் பீப்பாய்களோடு நல்லபடியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, டென்மார்க் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டில், மூடுபனிக்குள் ஏறி உடைந்தது. கேப்டன் பாண்டிக்ஸ், நிக்கெல்ஸ், இன்னும் இரண்டு பேர் தண்ணீரோடு போனார்கள். மற்றவர்களை டேனிஷ் மீனவர்கள் அள்ளிக் கரைசேர்த்தார்கள்.

ஏணியடியில் கெரின் வந்து நின்றாள். ஹார்க்கின் மனைவி. இடுப்பில் கைவைத்து நின்றால் பேசாமல் போகமாட்டாள்.

"ஏங்க, நம்ம மாட்டுக்கொட்டாய் போன மாசத்துல இருந்து ஒழுகுது. அதுல நீங்க ஏறணும்னா நானும் விதவையானாத்தான் முடியும்போல."

"நாளைக்குப் பாக்கறேன்."

"பாக்கறதெல்லாம் இங்கிருந்தே பாத்துக்கலாம். ஏறணும். சரி, அத விடுங்க. கேப்டன் ஒலுஃப் வீட்ல இருந்து ஆள் வந்தான். சனிக்கிழமை கூடறாங்களாம். உங்களையும் வரச் சொல்லிருக்காங்க." அவள் குரல் இறங்கியது. "அண்ணனுக்காக ரெண்டு வார்த்த நல்லாப் பேசுங்க. அவரு தனக்காகப் பேசிக்கத் தெரியாத ஆளு."

அவள் அண்ணன் ரோர்ட்தான் அந்தக் கப்பலின் துணைக்கேப்டன். கப்பல் எங்கே நிற்கிறது என்று நாள்தோறும் கணக்குப் போட்டுச் சொன்னவன். பாண்டிக்ஸ் செத்துவிட்டதால் பழி முழுக்க அவன் தலையில் இறங்கியிருந்தது. கப்பல் ஒன்று இப்படிப் போனால், தீவில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பழைய கேப்டன்கள் ஒன்றுகூடி வரைபடத்தை விரித்து, கடைசியாகக் கண்ணில்பட்ட கரையிலிருந்து உடைந்த இடம்வரை அந்தப் பயணத்தைக் கவராயத்தால் மறுபடி நடந்து பார்ப்பார்கள். கணக்குப் போட்டவன்மேல் தப்பு என்று அவர்கள் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஹாம்பர்க்கில் ஒரு கப்பல் முதலாளியும் அவனைத் துணைக்கேப்டனாக ஏற்றமாட்டான். அதற்குப் பிறகு ரோர்ட் வாழ்நாள் முழுக்கத் திமிங்கிலக் கொழுப்பு வெட்டிப் பீப்பாயில் அடைக்க வேண்டியதுதான்.

ரோர்ட் மேல் தப்பில்லை என்பது தீவில் ஒருவனுக்குத் தெரியும். அவன் கூரைமேல் உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். சுக்கான் பக்கத்தில் ஒரு மணல்குப்பி தொங்கும். மேல்குப்பி மணல் கீழே இறங்கி முடிய அரைமணி. முடிந்ததும் திருப்பிவிட்டு மணி அடிக்க வேண்டும். எட்டுத் தடவை திருப்பினால் ஒரு காவல்முறை முடிந்தது, அடுத்த கூட்டம் மேலே வரும், இவர்கள் கீழே போய்ப் படுக்கலாம். கப்பல் எந்த வேகத்தில், எத்தனை குப்பி நேரம் ஓடியது என்பதை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற கணக்கு. வெயிலடித்தால் நண்பகல் சூரியனை அளந்து தப்பைச் சரிசெய்துகொள்ளலாம். மூடுபனியில் குப்பி சொன்னதுதான் வேதம்.

மணல் முழுக்க இறங்குமுன் குப்பியைத் திருப்பிவிடுவது கப்பல்காரனுக்குக் கைவந்த கலை. மேல்குப்பியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே ஒரு புரட்டு, ஒரு மணி. குளிரில் நிற்கும் நேரம் அவ்வளவு குறையும். இவர்கள் அடுத்த கூட்டத்தின் தூக்கத்தைத் திருடுவார்கள், அவர்கள் இவர்களுடையதைத் திருடுவார்கள், கடைசியில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சிரித்துக்கொள்வார்கள். ஹார்க் மட்டும் செய்யமாட்டான். அவன் எறியீட்டிக்காரன், ஒரு காவல்முறைக்குத் தலைவன், அந்த நேரத்தில் குப்பி அவன் பொறுப்பு. கடைசிப் பொடி இறங்கும்வரை குப்பியையே முறைத்துக்கொண்டு நிற்பான். அவன் கூட்டத்து ஆட்கள் அதற்காகவே அவனைத் திட்டுவார்கள். "நம்ம தலைவருக்கு மணலோட கல்யாணம்" என்பது நிக்கெல்ஸ் சொன்ன கேலி.

இந்தத் தடவை திரும்பிவரும் வழியில் மூடுபனி பிடித்துக்கொண்டது. நிக்கெல்ஸ் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமினான், உதடு நீலம் பூத்திருந்தது. கீழே போ என்றாலும் முறை முடியாமல் போகமாட்டான். ஹார்க் குப்பியைப் பார்த்தான். ஒரு சிட்டிகை மணல் மிச்சமிருந்தது. திருப்பிவிட்டான். அன்று அது இரக்கம்தான், அதில் பொய்யில்லை. மறுநாள் நிக்கெல்ஸுக்கு இருமல் குறைந்துவிட்டது. ஹார்க்கின் முழங்கால் வலித்தது, கீழே அடுப்பில் பட்டாணிச் சூப் மணத்தது. மறுபடி திருப்பினான். அதற்கப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டான். சூரியன் முகம் காட்டாத அந்த நாட்கள் முழுக்க ஒவ்வொரு குப்பியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தான்.

ஓடாத நேரமெல்லாம் ஓடியதாகக் கணக்கில் ஏறியது. கப்பல் தான் இருக்கும் இடத்தைவிட மிகவும் தெற்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. மணல்திட்டைத் தாண்டியாயிற்று, இனிக் கிழக்கே திருப்பலாம் என்று ரோர்ட் சொன்னான். திருப்பினார்கள். திட்டு எதிரிலேயே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ரோர்ட் தங்கை வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கெரின் அவனைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேநீரும் கறுப்பு ரொட்டியும் உப்பிட்ட ஆட்டுக்கறியும் வைத்தாள்.

"சாப்பிடுண்ணே. காத்தடிச்சா கொண்டுபோயிரும் உன்ன."

"நல்லதுதானே. பாய்மரம் இல்லாமலே போய்ச் சேரலாம்." ரொட்டியைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை. "மாப்ள, பயணத்த முழுக்க மனசுலயே மறுபடி மறுபடி போட்டுப் பாத்துட்டேன். காத்து சரி, வேகம் சரி. ஆழம் பாக்க ஈயக்குண்டு இறக்குனப்ப ஒட்டிக்கிட்டு வந்த மண்ணு சாம்பல் நெறம், அது திட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எங்க தப்புனேன்னு தெரியல. தெரிஞ்சுட்டாக்கூட நிம்மதியாத் தூங்குவேன்."

"நீரோட்டமா இருக்கும்," என்றான் ஹார்க். சொன்ன நாக்கைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது.

"அவ்வளவு தூரம் இழுக்கற நீரோட்டம் அங்க இல்ல. பொறந்ததுலருந்து ஓடற கடல்." ரோர்ட் சிரிக்க முயன்றான். "பாண்டிக்ஸ் வீட்டு வழியா வரமாட்டேன் இப்பல்லாம். சுத்திக்கிட்டு வர்றேன். அவரு வீட்டம்மா ஒண்ணும் சொல்லாது. வணக்கம்னுதான் சொல்லும். அதான் கஷ்டம்."

கெரின் தண்ணீர் எடுக்க வெளியே போனாள். சொல்லிவிடலாம் என்று ஹார்க்குக்கு நெஞ்சுவரை வந்தது.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். நாணல் பத்தலையா? எங்க கொட்டாயில ரெண்டு கட்டு கெடக்கு, எடுத்துக்க. மாட்ஜேக்கு நீ செய்யறத ஊரே பேசுது. நான்தான் செஞ்சிருக்கணும். எனக்கு அவ முகத்தப் பாக்கத் தைரியமில்ல."

 கெரின் திரும்பி வரும்போது இருவரும் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

சனிக்கிழமை கேப்டன் ஒலுஃபின் கூடத்தில் பெரிய மேஜைமேல் கடல் வரைபடம் விரித்துக் கிடந்தது. நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பைகள். சுற்றிப் பழைய கேப்டன்கள், புகையிலைப் புகை, இருமல், ஒருவரையொருவர் கிண்டல்.

"மெதுவா நடத்துங்கப்பா கவராயத்த. இவரு ஓட்டுன மாதிரி ஓட்டுனீங்கன்னா ஐஸ்லாந்துல போய் நிக்கும்."

"நீ மட்டும்? துறைமுகத்தையே ரெண்டு தடவ கேட்டுக் கண்டுபிடிச்சவன்தான."

ஒலுஃப் கையை உயர்த்தியதும் பேச்சு நின்றது. எண்பதை நெருங்கியவர், கண் மங்கியிருந்தாலும் காது கூர்மை. ரோர்ட் எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தான். கப்பல் பதிவுகள் எல்லாம் கடலடியில். அவன் நினைவிலிருந்தே ஒவ்வொரு நாளும் காற்று எங்கிருந்து, எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று தடுமாறாமல் சொன்னான். கவராயத்தின் கால்கள் கடைசியாகக் கண்ணில்பட்ட ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து தெற்கே இறங்கி இறங்கி வந்தன. கடைசியில் திட்டைத் தாண்டி, நல்ல ஆழத்தில் போய் நின்றன. ஆனால் கப்பல் உடைந்தது திட்டில்.

"சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் ஒலுஃப். "குப்பிக்கு என்ன கழிச்ச?"

"வழக்கமாக் கழிக்கறததான், ஐயா. பசங்க குளிர்ல சீக்கிரம் திருப்புவாங்கன்னு தெரியும். அரைமணிக்கு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுத்தான் எழுதுனேன்."

"எல்லா முறைக்குமா?"

ரோர்ட் சற்றுத் தயங்கினான். "இல்ல. கேப்டன் பாண்டிக்ஸ் எல்லாத்துக்கும் கழின்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல. ஹார்க் முறைக்கு மட்டும் கழிக்கல. எங்க மாப்பிள்ளைய எனக்குத் தெரியும், கடைசிப் பொடி இறங்காமக் கை வைக்க மாட்டான், அதுல கழிச்சா கணக்கு தப்பாயிடும்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு."

ஹார்க்குக்கு இது தெரியாது. கழிப்பார்கள் என்பதே தெரியாது. மற்றவர்கள் திருடியதெல்லாம் கணக்கில் சரிசெய்யப்பட்டிருந்தது, அவன் திருடியது ஒன்றுதான் அப்படியே நின்றது. மச்சானின் நம்பிக்கையில் ஏறித்தான் கப்பல் திட்டில் போய் மோதியிருக்கிறது. சுவரில் சாய்ந்துகொண்டான்.

ஒலுஃப் அவன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா ஹார்க். உன் முறையில குப்பி சரியா ஓடுச்சா?"

"சரியாத்தான் ஓடுச்சு, ஐயா," என்றான் ஹார்க்.

யோசிக்கவேயில்லை. வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிப்பதுபோல வாய் பிடித்துக்கொண்டது. கேப்டன்கள் தலையாட்டினார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் மிச்சமிருப்பது ரோர்ட்டின் தலை ஒன்றுதான்.

ரோர்ட் நடந்துவந்து ஹார்க்கின் தோளில் கை வைத்தான். "இவன்மேல எனக்கு எப்பவும் சந்தேகம் வந்ததில்லீங்க. இவன்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டீங்க, நல்லதாப் போச்சு. இனிமே யாரும் இவனப் பேச வேணாம். தப்பு என்னோடதுதான். எங்கன்னுதான் எனக்குத் தெரியல."

அந்தக் கை ஹார்க்கின் தோளிலேயே இருந்தது. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, போகிறபோக்கில் இவனையும் கழுவிவிட்டுப் போகிறான். இதைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியுமா என்று நினைத்துப் பார்த்தான். முடியும் என்று தோன்றியது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"பொய் சொன்னேன்," என்றான்.

"என்னப்பா?" ஒலுஃப் காதுக்குப் பின்னால் கை வைத்தார். கேட்காமல் இல்லை.

"இப்ப சொன்னது பொய், ஐயா. பனி பிடிச்ச நாள்லருந்து நானும் திருப்பினேன். மொத தடவ நிக்கெல்ஸ் இருமினான்னு. அப்புறம் எனக்காக. தினமும்."

ரோர்ட்டின் கை தோளிலிருந்து விலகியது. வெடுக்கென்று எடுக்கவில்லை. சூடான பாத்திரம் என்று தெரிந்து எடுப்பதுபோல் மெதுவாக எடுத்தான்.

"எவ்வளவு?" என்றார் ஒலுஃப்.

"பத்துல ஒரு பங்கு இருக்கும். குளிர் ஜாஸ்தியான அன்னிக்கு இன்னும் கொஞ்சம்."

கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் கவராயத்தைக் கொடுத்து, ஹார்க்கின் முறைகளில் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி நடக்கச் சொன்னார். கூடத்தில் கவராயத்தின் முனை காகிதத்தில் குத்தும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிக் குத்து மணல்திட்டின்மேல் விழுந்தது. 

"கணக்குல தப்பில்ல," என்றார் ஒலுஃப். "ஆள எடைபோட்டதுல தப்பு. அதுக்காக நாம கூடல. ஹாம்பர்க்குக்கு அப்படியே எழுதிருங்க."

ரோர்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவன் முகத்தில் பழி நீங்கியவனின் சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. ஹார்க் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

ஹார்க் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கெரின் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"மொத கேட்டப்ப சரியா ஓடுச்சுன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"அத நெனைச்சாத்தான் எனக்கு ஆறல. மணலத் திருப்புனது குளிருக்கு. இது எதுக்கு?"

 அன்று சாப்பாடு மேஜையில் இருந்தது, அவள் எதிரில் உட்காரவில்லை. அதன்பிறகும் பல நாள் உட்காரவில்லை.

திங்கட்கிழமை ஏணியைத் தூக்கிக்கொண்டு மாட்ஜே வீட்டுக்குப் போனான். கூரை பாதியில் கிடந்தது. கதவைத் தட்டத் தைரியமில்லாமல் முற்றத்தில் நின்றான். அவளே வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அவள் கத்துவாள், கல்லை எடுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தான். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான்.

"ஏறுங்க," என்றாள். "பாதியில விட்டா நனையப்போறது நானும் பிள்ளைங்களும்தான்."

அவன் ஏணியைச் சாத்தினான்.

"அவரு இருமுனாருன்னுதான் ஆரம்பிச்சீங்களாமே."

"ஆமா, மாட்ஜே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நன்றின்னு சொன்னான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூரை முடியும்வரை வெளியே வரவில்லை. வேலியோரம் போன பெண்கள் யாரும் நிற்கவில்லை, அண்ணாந்தும் பார்க்கவில்லை. கடைசி நாணல் கட்டை வைத்துவிட்டு இறங்கும்போது ஹார்க்குக்கு மனசு லேசாகும் என்று ஒரு நப்பாசை இருந்தது. ஆகவில்லை.

பிப்ரவரியில் கடற்கரையில் வழியனுப்புத் தீ மூட்டுவதற்கு வைக்கோலும் விறகும் சேர்க்கத் தொடங்கினார்கள். தீ எரிந்த மறுநாள் ஆண்கள் எல்லாம் ஹாம்பர்க்குக்குப் படகேறுவார்கள். ரோர்ட்டுக்கு நல்ல கப்பல் கிடைத்திருந்தது, துணைக்கேப்டன் வேலைதான். ஹார்க்கை யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும். இருந்தும் தீ மூட்டும் நாளன்று காலை மச்சான் வீட்டுக்குப் போனான். வேலை கேட்க இல்லை. போய் நின்றால் ரோர்ட் ஏதாவது சொல்வான், ஏசுவான், காறித் துப்புவான், அது போதும் என்றுதான் போனான்.

ரோர்ட் வாசலில் தன் கடற்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முடிச்சைப் பார்த்தான்.

"வா மாப்ள. இந்த முனையப் பிடி."

ஹார்க் பிடித்தான். ரோர்ட் இழுத்து இறுக்கினான்.

"எங்க கேப்டன்கிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன். எடுத்துக்கறோம். பழைய வேலைதான். ஒரு முறைக்கு நீதான் தலைவன்."

ஹார்க்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. "மச்சான், என்ன நம்பி எப்படி..."

"நம்பறதெல்லாம் எதுக்கு?" ரோர்ட்டின் குரலில் கோபமில்லை, கிண்டலுமில்லை. "எல்லாருக்கும் கழிக்கற மாதிரி உனக்கும் கழிச்சுக்கறேன். கணக்கு சரியா வந்துரும்."

பெட்டியின் மறுபக்கம் போய் அடுத்த முடிச்சைப் போட ஆரம்பித்தான். இனிமேல் குப்பியில் விரலே வைக்கமாட்டேன், கடைசிப் பொடி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று சொல்ல ஹார்க் வாயெடுத்தான். சொன்னால் ரோர்ட் கேட்டுக்கொள்வான், தலையும் ஆட்டுவான், பிறகு அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வான். ஹார்க் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.